கருடன் இல்லைங்கம்மா, ஃபோம்

வெள்ளிக்கிழமை காலை வேங்கிக்கால் அலுவலகத்தில் கணினியைத் திறந்துகொண்டிருந்தேன். கோதண்டம் சாரின் மனைவி வசந்தா அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய தம்பி. "மாமா பூட்டாருங்க" என்றார். கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கோதண்டம் சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சார் எங்கள் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. வீடியோ பார்த்து ஃபோமில் சின்னக் கிளைடர் விமானம் செய்யத் தொடங்கினார். அதற்கு மோட்டார் கிடையாது. மேட்டில் நின்று கையால் வீசினால், மலையில் மோதி எழும் காற்று தூக்கிக்கொள்ளும். ரிமோட்டில் வாலைத் திருப்பலாம், அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்து இறங்கினால் நாங்கள் கணினியைப் பார்ப்போம். சார் பெட்டிக்குள் இருக்கும் ஃபோமை அமுக்கிப் பார்ப்பார்.

முதல் கிளைடருக்கு வண்டிப் பட்டறையில் வாங்கிய ஸ்ப்ரே பெயிண்ட்டை அடித்தார். பெயிண்ட் ஃபோமைத் தின்றுவிட்டது. கண்ணெதிரே றெக்கை குழிகுழியாகிப் போனது. "அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சுங்க" என்று அவரே சிரித்தார். அடுத்ததற்குத் தண்ணீரில் கரையும் பெயிண்ட்டை ஸ்பாஞ்சில் ஒற்றினார். "ஜாஸ்தி வெச்சா வெயிட்டு ஏறிடும். கம்மியாத் தொட்டுத் தொட்டு வெக்கணும்."

அதைக் கருடனாகவே ஆக்கிவிட்டார். வெள்ளைத் தலை, செங்கல் நிற றெக்கை, இறகு இறகாக வரைந்திருந்தார்.

ஒரு மாலை கிரிவலப் பாதையை ஒட்டிய மேட்டில் அதைப் பறக்கவிட்டார். நானும் உடன் இருந்தேன். பாதையில் நடந்து வந்த ஒரு அம்மா அண்ணாந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், அங்கேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு மறுநாள் ஆபரேஷனாம். "கருடன் வந்துட்டான், இனிமே பயமில்ல" என்று உடன் வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வுடுங்க சார், சந்தோஷமாப் போவட்டும்" என்றேன். சார் கேட்கவில்லை. கிளைடரை இறக்கி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவரிடம் போனார்.

"மன்னிச்சுக்கங்க. இது கருடன் இல்லைங்கம்மா, ஃபோம். நான் செஞ்சது."

அந்த அம்மா றெக்கையைத் தடவிப் பார்த்தார். "நீ செஞ்சதாவே இருக்கட்டும். நான் வர்ற நேரத்துக்கு வுடணும்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

 ஆனாலும் சார் அந்த வாரமே கருடன்மேல் கிளிப்பச்சையைப் பூசிவிட்டார். எவ்வளவு அழகான வேலை! எனக்குக் கோபமே வந்தது. "பொய்ய நம்பி ஒருத்தர் கும்புட்டா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் வசந்தா அம்மா பொய் சொல்ல வேண்டியதாயிற்று. சாருக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதை மறைத்து, "வயித்துப் புண்ணுதான், ஆறிடுமாம்" என்று சொல்லிவந்தார். சாரும் சரி சரியென்று தலையாட்டினார். கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, வசந்தா அம்மா டீ வாங்க வெளியே போன நேரத்தில் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்ங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க. நான் நம்புறேன்னு நெனச்சுத்தான் அவ ரெண்டு வாய் சாப்புடறா."

தகனம் முடிந்து சார் வீட்டுக்குப் போனேன். வசந்தா அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள். என்னைப் பார்த்ததும் உடைந்துபோனார். "பொய்யே பேசாத மனுசன். அவரைப் போயி ஏமாத்தியே அனுப்பிட்டேனே!"

எனக்கு மனம் கேட்கவில்லை. சார் போட்ட தடை அவர் இருக்கும்வரைதான் என்று எண்ணிக்கொண்டேன். "அவருக்கு எல்லாம் தெரியும்ங்கம்மா. நீங்க சாப்புடணும்னுதான் நம்புற மாதிரி இருந்தாரு" என்றேன்.

 வசந்தா அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "பாவி மனுசன், நடிக்கக்கூடத் தெரிஞ்சிருக்கு பாருங்களேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பியிடம் ஒரு வாய் சோறு கொண்டுவரச் சொன்னார்.

வசந்தா அம்மா சாப்பிட்டார், சார். நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.