கல்வீட்டில் கேட்ட கேள்விகள்

மான்ட்ரியலுக்கு வந்த பிறகு என் கணவர் தாமாகவே என்னை வெளியே அழைத்துப்போனது அதுதான் முதல் தடவை. எழுபதுகளின் தொடக்கம். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நானும் ஹீட்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். அவர் சாலை போடும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நான் சென்னையில் சரித்திரம் படித்தவள். இங்கே மாலை வகுப்பில் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிரெஞ்சு என்றாலே வேப்பங்காய்.

"ஆத்தங்கரையில ஒரு பழைய பிரெஞ்சு கிராமம் இருக்காம். உனக்குத்தான் பழசுன்னா உயிராச்சே. பட்டுப் புடவை கட்டிக்கோ" என்றார். கிராமத்துக்கு எதற்குப் பட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. மனுஷருக்கு இப்போதாவது கண் திறந்ததே என்று பூரித்துப்போனேன். அசடு.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கட்டிய கல்வீடுகள் ஆற்றைப் பார்த்து வரிசையாக நின்றன. பனி தங்காமல் சரியும்படி செங்குத்தான கூரை. இரு பக்கச் சுவரிலும் புகைபோக்கி. சுவர் இருந்த கனத்துக்கு ஜன்னல் திட்டில் சம்மணமிட்டு உட்காரலாம். ஒரு வீட்டை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வயதான அம்மாள் ஒருத்தி வந்தாள். அவள் பார்வை முதலில் என் புடவைக் கரையில்தான் விழுந்தது. "போன்ஜூர், மதாம்! தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். தொட்டாள். அப்படியே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

உத்தரத்தில் கோடாலி செதுக்கிய தடம் அப்படியே இருந்தது. வெயில் காலத்தில் வீடு சூடேறாமல் இருக்கப் பின்புறம் தனிச் சமையலறை. அங்கே சுடச்சுட ரொட்டி தந்தாள். நான் சாப்பிடும்போதே கணவர் ஆரம்பித்தார்.

"சுவர் என்ன கனம்னு கேளு."

கேட்டேன்.

"நிலவறை எவ்வளவு ஆழம்? அடியில பாறையா, களிமண்ணா?"

அதையும் கேட்டேன். அவளுக்கு ஒரே பெருமை. விளக்கை எடுத்துக்கொண்டு எங்களைக் கீழே கூட்டிப்போய், அஸ்திவாரம் பாறையில் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினாள். பக்கத்து வீடுகளுக்கும் அவளே அழைத்துப்போனாள். எல்லா வீட்டிலும் அதே கேள்விகளை, அதே உற்சாகத்தோடு நான்தான் கேட்டேன்.

"உங்களுக்கும் இதெல்லாம் பிடிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றேன், திரும்பும் வழியில். அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் அவரோடு வேலை பார்த்த தமிழ் நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணி, உங்க புண்ணியத்துல அந்த ஊர்ல அளவெடுக்கிற வேலை சுலபமா முடிஞ்சுது. எங்க ஆளுங்களை ஒரு வீட்லயும் உள்ள விடல. புது ரோடு ஆத்தோரமாத்தான் வருது. அந்த வரிசையையே இடிச்சாகணும்" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். பட்டு, ரொட்டி, என் அரைகுறைப் பிரெஞ்சு, எல்லாமே என் கணவருக்குக் கதவு திறக்கத்தானா? நண்பர் போனதும், "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?" என்றார், நிதானமாக. வெட்கம் என்பது மருந்துக்குக்கூட அந்த முகத்தில் இல்லை.

அந்த வாரமே பஸ் பிடித்துத் தனியாகப் போனேன். அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். வீட்டை இடிக்கப்போகும் செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. கோட்டுக்குக் கீழே தெரிந்த என் புடவையைப் பார்த்தாள். கத்தவில்லை.

"இன்னும் எதை அளக்க வேண்டும், மதாம்?"

எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லுமளவுக்குப் பிரெஞ்சு என்னிடம் இருந்தது. சொன்னேன். திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்தக் கேள்விகள் அவள் காதில் விழுந்தது என் வாயிலிருந்துதான். என் கணவரின் குரல்கூட அவளுக்கு நினைவிருக்காது.