துட்டி வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரண்மனை

துரை, போகலாம் போகலாம் என்று நீங்கள் தள்ளிப்போட்ட நாயக்கர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

துரை என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரரை. தை மாதம் தவறிவிட்டார். வீட்டில் துட்டி என்பதால் வருஷம் திரும்பும்வரை நான் கோவில் வாசல் மிதிக்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை, மில்லில் என்னோடு வேலை பார்க்கும் மாரியக்கா ஆண்டாளைக் கும்பிடப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ராஜபாளையத்தில் எட்டரைக்கு டவுன் பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கோவில் முன்னால் இறங்கியதும் எங்கே நிற்பதென்று தெரியாமல் முழித்தேன்.

"ஏட்டி, கோபுரத்துக்குக் காவலா நிக்கப் போற? அரண்மனையைப் போய்ப் பாரு. அங்க சாமியும் இல்ல, ராசாவும் இல்ல. உன்னைய யாரு தடுக்கா?" என்றார் மாரியக்கா.

விசாரித்து நடந்தேன். தனியாக எந்த இடத்தையும் நான் சுற்றிப் பார்த்ததில்லை. வாசலில் காவல்காரர், "தனியாவா வந்திருக்கீய?" என்று கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அவிய பின்னால வாராவ, அண்ணே."

மதுரை மகால் அளவுக்குப் பெரிசில்லை. ஆனால் கூட்டமும் இல்லை, நிம்மதியாகப் பார்க்கலாம். தூண்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். எங்கள் வீட்டை நாலு அடுக்கு வைத்தாலும் அந்தக் கூரை எட்டாது. ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகு சில்லென்று இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

காவல்காரர் பூட்டோடு வந்தார். "எம்மா, சாப்பாட்டுக்குப் பூட்டணும். உங்க வீட்டுக்காரரு வந்துருவாருன்னு செத்த நேரம் பொறுத்துப் பார்த்தேன். இன்னும் காணுமே?"

பசியோடு அந்த மனுஷர் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். துட்டி கேட்க வந்தவர்களுக்குக்கூட மாரியக்காதான் விவரம் சொன்னார். நான் வாய் திறந்ததில்லை.

"அவிய வரமாட்டாவ, அண்ணே. தையில தவறிட்டாவ. நீங்க பூட்டிக்கோங்க."

அவர் பூட்டைத் திருப்பிக்கொண்டே நின்றார். "நீங்க பார்த்து முடிச்சாச்சா? அத மட்டும் சொல்லுங்க."

"பார்த்துட்டேன்."

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியம் பூட்டியிருக்கலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். துட்டி வீட்டுக்காரர்களும் தாராளமாகப் போகலாம். அங்கே கும்பிட ஒன்றும் இல்லை, அண்ணாந்து பார்க்க நிறைய இருக்கிறது.

திரும்பி வரும்போது மாரியக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன். பூட்டச் சொன்னது சரிதானே, துரை?