பாத்துக்கிடலாம் என்றார் சவரிமுத்து

கடல் எனக்கு அத்துப்படி. புயலிலேயே படகு ஓட்டியிருக்கிறேன். சும்மா சொன்னேன். மதுரையில் பரோட்டா போடுகிறவன் நான். குளத்தில் காலை நனைக்கவே யோசிப்பேன். படிப்பும் ஐந்தோடு சரி. இந்த லட்சணத்தில்தான் பெண் கேட்கக் கிளம்பினேன். எங்கள் கடைக்கு எதிரே துணிக்கடையில் வேலை பார்க்கும் ஜெனிட்டாவுக்கு ஊர் ஆலந்தலை. அப்பா சவரிமுத்து மீன் பிடிக்கிறவர். லீவில் ஊருக்குப் போன ஜெனிட்டா போனிலேயே எச்சரித்திருந்தாள்:

"மாட்டேன்னு எங்கப்பா வாயால சொல்ல மாட்டாவ. 'பாத்துக்கிடலாம்'னுதான் சொல்லுவாவ. சொல்லிட்டா, வந்த பஸ்லயே திரும்பிருங்க."

சனிக்கிழமை காலை ஆறரை, தூத்துக்குடி. "உக்கார சீட்டு கிடைக்குமாண்ணே?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"ஏறும்வே, பாத்துக்கிடலாம்."

திருச்செந்தூர் வரை நாற்பது கிலோமீட்டரும் நின்றேன். உப்பளங்களைக் குனிந்து குனிந்து பார்த்ததில் இடுப்பு போனது.

எட்டேகால், திருச்செந்தூர். ஆட்டோ வாடகை கேட்டேன். "ஏறுங்க அண்ணாச்சி, பாத்துக்கிடலாம்." ஐந்து கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய். வழியில் ஒரு பைக் உரசிவிட்டுப் போனது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏலே, இந்த வழியாத்தான வருவ, பாத்துக்கிடலாம்!" என்றார். அதே சொல்தான், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

ஒன்பது மணி, ஆலந்தலைக் கடற்கரை. சவரிமுத்து தன் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். நானும் போய்த் தள்ளினேன். வள்ளம் ஏறியது, நான் தண்ணீரில் விழுந்தேன்.

"யாருவே நீரு?"

வாயில் புகுந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையைப் பார்த்தபடி, "பாத்துக்கிடலாம்" என்றார்.

முடிந்தது கதை. வந்ததற்கு மீனாவது வாங்கிப் போவோம் என்று, மணலில் நடந்த ஏலத்துக்குள் புகுந்தேன். சவரிமுத்து பிடித்த மீனுக்கே, "இருநூறு!" என்று கையைத் தூக்கினேன்.

"கைய இறக்கும்வே!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஏலமே நின்றது.

இங்கே ஒரு வழக்கம். ஏலத்துக்கு முன்பே வள்ளக்காரர்கள் வீட்டுக்கென்று கறிமீனைத் தனிக் கூடையில் எடுத்து வைத்துவிடுவார்கள். அதில் வெளியாளுக்குப் பங்கில்லை. எத்தனை பெரிய மனிதர் வந்தாலும் ஏலத்தில்தான் வாங்க வேண்டும். சவரிமுத்து அந்தக் கூடைக்குள் கைவிட்டு, ஒரு பாறை மீனை எடுத்து என் கையில் திணித்தார்.

"வீட்டு ஆளு ஏலத்துல நிப்பானா? கொண்டுபோயி ஜெனிட்டாகிட்ட குடும். கறி வைக்கட்டும், நான் வந்திருதேன்."

மீன் வழுக்கி விழுந்தது. பக்கத்து வள்ளக்காரர், "வே சவரி, இவரு செத்த மீனையே தப்பவிடுதாரு!" என்றார். கரையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

மதியம் ஒரு மணி. ஜெனிட்டா வீட்டு வேப்பமர நிழலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் பெண் கேட்டால் ஜாதகம், தரகர், சொந்தக்காரர்கள் என்று மூன்று மாதம் இழுப்பார்கள். இங்கே ஒரு பாறை மீனோடு முடிந்தது. அந்த மீனை நான் வீடு கொண்டுவந்து சேர்த்தது தனிக் கதை. தெருமுனையில் நான்கு பூனைகள், நான் ஒருத்தன். முதல் பூனையை ஒற்றைக் கையாலேயே நான்...

"மாப்ளே, எழுதுனது போதும். சோறு ஆறுது, வாரும்வே!"