அக்கா கொடுத்த மாத்திரை

முடிதிருத்தும் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் 'அவசரம்'. பேருந்து நிற்கும்முன் இறங்குகிற ஆள். அப்படிப்பட்டவரை மனச்சோர்வு பிடித்துக்கொண்டது. கடையைத் திறப்பார், வாடிக்கையாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்து சுவரை வெறிப்பார். மனைவிதான் மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

"மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். பொறுமையா இருங்க," என்றார் மருத்துவர். யாரிடம் போய்ப் பொறுமையைக் கேட்கிறார் பாருங்கள்!

ஒரே வாரத்தில் அவசரம் அக்காவிடம் புலம்பினார். அவளும் இதே நோய் வந்து குணமானவள். தம்பி மேல் உயிர். தன்னிடம் மிச்சமிருந்த மாத்திரைகளை அன்றே கொண்டுவந்தாள்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சுடா. இதையும் சேத்துப் போடு."

இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாதி நாளில் குணம் என்று கணக்குப் போட்டார் தம்பி. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

சில நாளில், வாடிக்கையாளர் ஒருவரின் முகத்தில் நுரை பூசிவிட்டுக் கத்தியை எடுத்தவருக்குக் கை வெடவெடத்தது. வியர்வை கொட்டியது. நாற்காலியில் இருந்தவர் கத்தியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். நுரையோடு தெருவில் இறங்கி ஓடியே விட்டார். அவசரம் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய்ப் படுத்தார். வயிறு கலக்கியது. கால்கள் தாமாகத் துள்ளின.

"வேற என்னத்த முழுங்குனீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லம்மா, சளி பிடிச்சிருக்கு."

"சளி பிடிச்சா கால் டான்ஸ் ஆடுமா? சட்டைப் பையைக் காட்டுங்க."

அக்காவின் மாத்திரை அட்டை வெளியே வந்தது. இரண்டு அட்டைகளையும் புருஷனையும் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே டாக்டரம்மா முழங்காலில் லேசாகத் தட்டினார். கால் உதைத்த உதையில் பக்கத்துத் தட்டு பறந்தது.

"ரெண்டுமே மூளையில செரட்டோனின்ங்கிற ரசாயனத்தை ஏத்துற மாத்திரை. சேந்தா அளவு மீறிடும். இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து," என்றார்.

இரண்டையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, வார்டிலேயே வைத்துக் கவனித்தார்கள். அக்கா அழுதுகொண்டே வந்தாள்.

"நல்லதுன்னுதானே கொடுத்தேன்!"

"தெரியும் அண்ணி. அடுத்த தடவை பழம் வாங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி.

நடுக்கம் அடங்கி வீடு திரும்பினார். பிறகு மனநல மருத்துவர் பார்த்து, ஒரே ஒரு வகை மாத்திரையைத் தொடங்கினார். வாரங்கள் போயின. ஒரு காலை, ரேடியோவோடு சேர்ந்து சுருதி தப்பிப் பாடியபடி கடையைப் பெருக்கினார். மனைவி ரேடியோவின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள்.