மங்களம் மாமிக்குக் கட்டிய ஒட்டு

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சந்திரமௌலி, தலைநகரத்துத் துவாரகாவில் ஓர் அடுக்குமாடி சொசைட்டியின் நான்காவது மாடியில் குடியிருந்தார். மேலே மொட்டைமாடியில் அவருடைய தொட்டிகள் நாற்பது. எலுமிச்சையோ கொய்யாவோ மாவோ, அவர் ஒட்டுக் கட்டினால் பட்டுப்போகாது என்று சொசைட்டியில் பேச்சு. பட்டுப்போனதை யாரும் பார்ப்பதற்குள் அவர் பிடுங்கிப் போட்டுவிடுவார்.

தரைத்தளத்தில் மங்களம் மாமி தனியாக இருந்தார். அவர் கணவர் ராமசுப்ரமணியன், சந்திரமௌலிக்கு அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்தவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, தின்று போட்ட ஒரு மாங்கொட்டையைப் பின்பக்கம் புதைத்து மரமாக்கினார். அது என்ன ஜாதி என்று யாருக்கும் தெரியாது. தோல் தடித்த, உருண்டைப் பழம். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஆகஸ்டில், அந்த வரிசை வீடுகளை இடிக்கப்போவதாக மாமி கேள்விப்பட்டார்.

"மௌலி, அந்த மரத்துலேர்ந்து கிளை எடுத்து ஒட்டுக் கட்டித் தர முடியுமோ? அவர் வெச்சது."

"அதுக்கென்ன மாமி, ஜல்தி பண்ணிடலாம்."

அன்றே போய்ப் பென்சில் கனத்தில் நான்கு குச்சிகள் வெட்டி வந்தார். தொட்டியில் இருந்த மாங்கன்றுகளின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்புபோல் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றினார். பதினைந்தாம் நாள் பார்த்தால் நான்கும் கறுத்துப் போயிருந்தன.

மறுநாள் காலை மாமி பார்க்க வருவதாக இருந்தார். கறுத்த குச்சியை மாமிக்குக் காட்ட சந்திரமௌலிக்கு மனசு வரவில்லை. தன் தொட்டியில் இருந்த தசேரி மாமரத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி வேறொரு கன்றில் கட்டினார்.

"பிடிச்சிடுத்தா?" என்று கேட்டார் மாமி.

"பிடிச்சிடும் மாமி."

அந்த வாரமே மறுபடி ஆர்.கே.புரம் போய் வேறு குச்சி எடுத்துவந்து மாற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். போகவில்லை. தசேரி துளிர்த்துவிட்டது. மாமி பார்த்துக் கண் கலங்கினார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

மார்ச்சில் கன்றை மாமி வீட்டு வாசலோரத்து மண்ணில் நட்டார்கள். சந்திரமௌலி இரண்டு மூங்கில் ஊன்றி, தண்டு அறுபடாமல் துணியால் எட்டு வடிவில் சுற்றிக் கட்டினார். அந்தத் துணி ராமசுப்ரமணியனின் வேட்டியில் கிழித்தது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்குப் பச்சை வலையும் கட்டிக்கொடுத்தார்.

பூத்தபோது, "முதல்ல வர்ற பூவைக் கிள்ளிடணும் மாமி, மரம் பலப்படட்டும்" என்றார். அதில் பொய் இல்லை. ஆனால் காய்த்தால் தசேரி உருண்டையாக இல்லாமல் நீளமாகக் காய்க்கும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். மூன்றாம் வருஷம் மாமி அதைக் கேட்பதாக இல்லை. "நாலு காயாவது விடலாம் மௌலி. எனக்கும் வயசாறது."

பிஞ்சுகள் இன்னும் வடிவம் தெரியாமல் இருந்த ஏப்ரல் கடைசியில், ஒரு சாயங்காலம் ஆந்தி என்கிற புழுதிப்புயல் வந்தது. வானம் பழுப்பாகி, தெரு தெரியாமல் புழுதி சுழன்றது. பால்கனிக் கதவைச் சாத்த வந்த சந்திரமௌலி கீழே பார்த்தார். வலை பிய்ந்து பறந்துகொண்டிருந்தது. மாமி தலைக்குமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

"மாமி, உள்ளே போங்கோ!" என்று கத்தினார். கேட்கவில்லை. படியில் இறங்கி ஓடுவதற்குள் மூங்கில் சரிந்து, மாமி விழுந்து கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது.

மூன்றாம் நாள் மாமியைப் பார்க்கப் போனார். மாவுக்கட்டு போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார் மாமி. "மரத்துக்கு ஒண்ணும் ஆகலியே?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

சந்திரமௌலியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவர் முடித்ததும் மாமி ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தக் குச்சியெல்லாம் காஞ்சப்போ, அங்கே மரம் நின்னுண்டிருந்ததா?"

அவர் மேஜைமேல் இருந்த மருந்துச் சீட்டை எடுத்து மடித்தார்.

"சொல்லுங்கோ மௌலி."

"நின்னுது மாமி. இன்னும் இருபது நாள் நின்னுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஆட்டோ பிடிச்சுப் போய் எடுத்துண்டு வந்திருப்பேனே."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கதவைச் சாத்திண்டு போங்கோ."

கட்டுப் பிரிக்கும்வரை சந்திரமௌலி தினமும் விடியற்காலையில் இறங்கி அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். மாமி வெளியே வரவில்லை. மரத்தை வெட்டச் சொல்லவும் இல்லை.

ஜூன் கடைசியில் காய்கறி வாங்கக் கீழே போனபோது, கேட்டில் காவலாளி மாம்பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான். மாமி எல்லாப் பழத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டாராம். சந்திரமௌலியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சாப், நீங்க கட்டின ஒட்டுதானே? பஹுத் மீட்டா, தேனா இனிக்குது!"

சந்திரமௌலி தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.