ஆறாவது பாட்டு

மைசூர் பன்னிமண்டபத்தில் இறங்கி, மோட்டார் சேகரன் கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகூடக் கை காட்டும். ஹனூரிலிருந்து அரைக்கால் சட்டையோடு லாரி ஏறி வந்தவர். ஆறாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். இன்றைக்குக் குண்டலுபேட்டையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை எந்தத் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் புகைந்தாலும், கட்டித் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குத்தான் வருகிறார்கள். "இன்ஜினியர் கையை விரிச்சதை நான் ஓட வச்சிருக்கேன்" என்பார். வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஓட வைத்தும் இருக்கிறார்.

ஆனால் மோட்டாரில் அவருக்கு இருக்கிற பெருமை பாதிதான். மீதிப் பாதி காதில். பாட்டில்லாமல் அந்தக் கடையில் ஒரு மோட்டாருக்கும் கம்பி சுற்றியது கிடையாது. கேசட் காலத்திலிருந்து அப்படித்தான். புதிதாக எது வந்தாலும் வாங்கி, இரண்டு பக்கமும் கேட்டு முடித்துவிட்டுத்தான் நல்லது கெட்டது பேசுவார். முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் பேசுகிறவனை அவருக்குக் கண்டால் ஆகாது. "பந்தியில உப்பை மட்டும் நக்கிட்டு சாப்பாடு சரியில்லைங்கிறவன்" என்பார்.

அந்தக் காதுக்கு ஊரில் ஒரு மரியாதையும் உண்டு. காவேரி தமிழ் நண்பர்கள் சங்கத்தில் டிசம்பர் கடைசி ஞாயிறு எல்லாருக்கும் சாப்பாடு. பாயசம் வருவதற்கு முன்னால் மைக் சேகரன் கைக்கு வந்துவிடும். அந்த வருஷத்தில் வந்த ஆல்பங்களில் தனக்குப் பிடித்த ஐந்தை வரிசையாகச் சொல்லுவார். முதலிடத்துக்கு ஒரு பரிசும் உண்டு. மோட்டார் சுற்றுகிற செம்புக் கம்பியிலேயே தன் கையால் முறுக்கிச் செய்த ஒரு சாண் வீணை. பாடினவர்கள் சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிறவர்கள், இந்தப் பரிசு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் வீணைகளெல்லாம் கடைச் சுவரிலேயே வரிசையாகத் தொங்கின.

"யஜமானரே, வாங்கறவங்க யாரும் பரல்ல. எடைக்குப் போட்டா செம்பு நல்ல விலைக்குப் போகும்" என்பான் கூட வேலை செய்கிற மஞ்சுநாத், கன்னடம் கலந்த தமிழில்.

"உன்னையும் சேர்த்து எடைக்குப் போடுவேன், சும்னிரு, வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்பார் சேகரன்.

இந்த வருஷம் அந்தக் குறை தீர்ந்தது. ஆல்பம் போட்டது உள்ளூர்ப் பெண். யாதவகிரியில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கணேஷ்குமாரின் மகள் தாரணி. கணேஷ்குமார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தில் சேகரனுக்கு நெடுநாள் சிநேகிதர். பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டு மாடி அறையில் தானே எழுதி, தானே பாடி, தானே பதிவு செய்து போட்ட ஆல்பம் அது.

சேகரன் அதைக் கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சுற்றி முடித்த மோட்டாரை வார்னிஷில் முக்குகிற நாள் அது. அந்த வேலையில் இரண்டு கையும் முழங்கை வரை பிசுபிசு என்று இருக்கும், எதையும் தொட முடியாது. மஞ்சுநாத்தான் போனில் ஆல்பத்தைத் தட்டிவிட்டு, டீ வாங்கப் போனான். பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சேகரனுக்குக் கவனம் பாதி வார்னிஷில். ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. மூன்றாவதில் ஏதோ கரகரவென்று இரைச்சல். இப்படியே ஐந்தும் போயின.

அப்புறம் ஒரு பாட்டு வந்தது. மேளம் இல்லை, தாளம் இல்லை. ஒரே ஒரு குரல். கிளம்புகிற விருந்தாளியை வாசலில் நிறுத்தி, இன்னும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயேன் என்று கேட்கிற மாதிரி ஒரு பாட்டு. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. சேகரன் மோட்டாரைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு நின்றார். கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை. பாட்டு முடிந்ததும் இதற்கு மேல் ஒன்றும் காதில் விழக்கூடாது என்று போனை முழங்கையால் அமுக்கி நிறுத்தினார். டீயோடு வந்த மஞ்சுநாத், "ஏனாயிது யஜமானரே, என்னாச்சு? வார்னிஷ் கண்ணுல பட்டுதா?" என்று கேட்டான். ஆமாம் என்றார்.

கடைசி ஞாயிறு வந்தது. தாரணி அம்மா இல்லாத பெண். அப்பாவோடு முன்வரிசையில் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். சேகரன் ஐந்தாவது, நான்காவது என்று இறங்கி வந்து, முதலிடத்தில் நிறுத்தினார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"முதலிடம், நம்ம கணேசு பொண்ணு தாரணி. நம்ம பொண்ணுங்கிறதுக்காகச் சொல்லல. வேண்டியவன்னு தராசைச் சாய்க்கிற ஆளு நான் இல்ல. உள்ளதைச் சொல்றேன், முதல் அஞ்சு பாட்டு சாதாரணம். அடுப்பைப் பத்த வச்சு உலை ஏத்துற வேலை. ஆறாவதுதான் சோறு. அந்த ஒரு பாட்டுக்காக மத்த அஞ்சையும் பொறுத்துக்கலாம்."

கூட்டம் சிரித்தது, கை தட்டியது. கணேஷ்குமார் எழுந்து நின்று தட்டினார். தாரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மேடைக்கு வந்து வீணையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்றாள்.

"அந்த ஆறாவது பாட்டைப் பாடும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தொண்டை சரியில்லை அங்கிள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார் சேகரன்.

அன்று சாயங்காலம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மகள் பிரதிபா போனோடு வந்தாள். அப்பா மைக்கில் அத்தனை புகழ்ந்த பாட்டைக் கேட்க வேண்டும் அவளுக்கு.

"அப்பா, அந்த ஆறாவது பாட்டு பேரென்ன?"

"பேரை யாரு பார்த்தா? பாட்டைக் கேக்கணும்."

"இதுல அஞ்சுதான் இருக்கு."

"உன் போன் ஆகாது. என்னுதுல பாரு."

அவர் போனை வாங்கிப் பார்த்தாள். "இதுலயும் அஞ்சுதான்."

"கேட்டவன் நான் சொல்றேன், ஆறு."

பிரதிபா ஐந்தாவது பாட்டைக் கடைசிப் பகுதியில் ஓடவிட்டாள். முடிந்தது. ஒரு சின்ன மௌனம். பிறகு அந்தக் குரல் வந்தது.

"இதா, இதுதான். சொன்னேனா இல்லையா?" என்றார் சேகரன்.

பிரதிபா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நரைத்த முடியோடு யாரோ ஓர் அம்மாள். வேறு பெயர், வேறு ஆல்பம்.

"ஆல்பம் முடிஞ்சா இது நிக்காதுப்பா. அதே மாதிரி இருக்கிற வேற பாட்டைத் தேடி அதுவே போட்டுக்கிட்டே போகும்."

"யாரைக் கேட்டுப் போடுது?"

"யாரையும் கேட்காது."

மனைவி அன்னபூர்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கேசட்டா இருந்தா தீர்ந்ததும் டப்புன்னு நின்னுரும். இது நிக்காதுன்னு இவருக்கு யாரு சொன்னா?" என்றார். அது அவருக்காகப் பரிந்து பேசியதா, குத்தியதா என்று சேகரனுக்குப் பிடிபடவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதே பாட்டு, அதே குரல். இப்போது அதைக் கேட்க அவருக்குக் கூசியது.

முதலில் தோன்றியது, போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் சொன்னதெல்லாம் என்ன கதி என்பது. போன் வந்த நாளிலிருந்து எந்தப் பாட்டை யார் தலையில் கட்டினாரோ. அதையாவது விடலாம், அவர்கள் யாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவில்லை. இந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் செய்த ஐந்தையும் அடுப்பு என்று சொல்லி, அவள் செய்யாத ஒன்றுக்குப் பரிசு கொடுத்து, அதற்கு நன்றியும் சொல்ல வைத்தாயிற்று. சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தால்கூட அவள் கழுவிக்கொண்டு போயிருப்பாள்.

அந்த வாரம் கடையில் பாட்டு இல்லை. மஞ்சுநாத் கேட்டதற்கு ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றார். சங்கத்து வாட்ஸப் குரூப்பில் அவர் பேசிய வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் ஒருவர் மாற்றி ஒருவர், "ஆறாவது பாட்டு அற்புதம்", "கண்ணீர் வந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். சேகரனுக்கு ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது. வாடிக்கைக்காரனிடம் ஒரு நாளும் தப்பு என்று சொல்லாதவர் அவர். சுற்றின மோட்டார் திரும்பி வந்தால், உன் தோட்டத்துக் கரண்டு சரியில்லை என்று சொல்லியே பழக்கம். இதற்கு எந்தக் கரண்டைச் சொல்ல?

ஞாயிறு காலையில் கையைச் சுத்தமாகக் கழுவி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாரணியின் ஐந்து பாட்டையும் கேட்டார். நன்றாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே கேட்டார். நன்றாக இருந்தால் போய்க் காலில் விழாத குறையாகச் சொல்லிவிடலாம். இரண்டு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்த அம்மாளின் பாட்டு உலுக்கிய மாதிரி எதுவும் உலுக்கவில்லை. இந்தக் காது பொய் சொல்லத் தெரியாத காது. அதைத்தான் இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு யாதவகிரிக்குப் போனார்.

கணேஷ்குமார் பால் வாங்கப் போயிருந்தார். தாரணிதான் கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். செம்பு வீணை டி.வி. மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சேகரன் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மிணி, அந்த ஆறாவது பாட்டு..."

"தெரியும் மாமா. அது என்னுது இல்ல."

"அங்கயே சொல்லியிருக்கலாமே கண்ணு."

"அப்பா எழுந்து நின்னு கை தட்டிட்டு இருந்தார்."

சேகரன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "குரூப்புல சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன். எம் மேலதான் தப்புன்னு."

"சொல்லுங்க. ஆனா ஒண்ணு மாமா. அஞ்சு பாட்டு உள்ள ஆல்பத்துல ஆறாவது எங்கேன்னு இந்த ஒரு வாரத்துல யாருமே கேட்கல. கண்ணீர் வந்துச்சுன்னு எழுதினவங்களும் கேட்கல. அப்பாவும் போடு போடுங்கிறாரே தவிர, எங்கேன்னு கேட்கல." அவள் குரல் ஏறவில்லை. "வார்னிஷ் கையோடயாவது நீங்க ஒருத்தர்தான் போட்டுக் கேட்டிருக்கீங்க. பிரதிபாக்கா போன் பண்ணிச் சொன்னாங்க."

இதற்கு அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

"இன்னைக்கு அஞ்சையும் கேட்டேன்" என்றார். "உக்காந்து கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

நாலு பேருக்கு நடுவில் மைக்கைப் பிடித்தால் விடாதவர், இங்கே அனுமதி கேட்டார். "உள்ளதைச் சொல்லவா?"

"அதுக்குத்தானே கேக்கறேன்."

"மூணும் அஞ்சும் நல்லா இருக்கு. மத்தது எனக்கு ஒட்டல. மூணாவதுல மட்டும் பின்னால ஒரு கரகரப்பு இருக்கு பாரு, அதை எடுத்திருந்தா இன்னும் தெளிவா இருந்திருக்கும்."

தாரணி தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி மாமா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பாகிட்ட மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

கேட் சத்தம் கேட்டது. கணேஷ்குமார் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். "அண்ணா, வாங்க வாங்க. நீங்களாவது சொல்லுங்க. அந்த ஆறாவது பாட்டைப் போடுன்னா ஒரு வாரமா இவ டிமிக்கி குடுக்கறா. தெருவுல பாக்கறவங்களெல்லாம் அதைப் பத்தித்தான் பேசறாங்க."

சேகரன் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை.

"கணேசு, ஆறாவது பாட்டுன்னு ஒண்ணு இல்ல. நான் கேட்டது வேற யாரோ பாடினது. போன் அதுவா போட்டுது, நான் உம் மகளுதுன்னு நினைச்சுட்டேன். மைக்குல பேசினதெல்லாம் தப்பு."

கணேஷ்குமார் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. மகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பால் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அதைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நீங்க அடுப்புன்னு சொன்னதுதான் இவளோடதா?"

"ஆமா."

"அதுக்கு நான் எழுந்து கை தட்டினேனா?"

தாரணி அப்பாவின் கையிலிருந்த பாலை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

"போடுங்கண்ணா" என்றார் கணேஷ்குமார். "அவ செஞ்சதைப் போடுங்க. எனக்கு இந்தப் போன்ல ஒண்ணும் தெரியாது."

சேகரன் மூன்றாவதைப் போட்டார். இருவரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்கள். பாட்டுப் பாதி போனதும் கணேஷ்குமார் தலையை நிமிர்த்தினார்.

"இது நம்ம வீட்டுக்குப் பின்னால போற ரயிலு இல்ல?"

"ஆமாப்பா" என்றாள் தாரணி, அடுக்களை வாசலில் நின்று. "விடியக்காலம் போற வண்டி. அந்தச் சத்தத்தைப் பிடிக்கத்தான் மொட்டை மாடியில உக்காந்திருந்தேன். பைத்தியமான்னு நீங்கதான் திட்டினீங்க. அந்தப் பாட்டே அதை வச்சுத்தான்."

கணேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சேகரன் மகளையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. கரகரப்பு என்று அவர் சொன்ன அந்த ரயில், பாட்டுக்குள்ளே அந்த வீட்டுச் சுவரைத் தாண்டி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிகிறவரை எழுந்து போகவும் முடியாமல், தரையில் பதித்த ஒரு கல்லைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.