டானிக்காரர் செத்துப்போகும் காட்சி

டானிக்காரருக்கும் டானிக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிழைப்பு பெயின்ட் கடையில், உயிர் நாடகத்தில். வருடக்கணக்காக மேடையில் ராஜா, திருடன், நீதிபதி என்று என்னென்னவோ ஆகிப் பார்த்தார். தெருவில் ஒரு ஜீவன் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த நேரத்தில் அந்த இருமல் மருந்து விளம்பரத்தில் தலையைக் காட்டினாரோ, பிடித்தது சனி. இருமித் தள்ளி, மருந்தைக் குடித்து, கண்ணைச் சிமிட்டி, "ஒரு மூடி போதும்!" என்பார். அவ்வளவுதான் வேடம். அது வீட்டுக்கு வீடு டிவியில் ஓடி, ஊருக்கே அவர் டானிக்காரர் ஆனார். பெயின்ட் வாங்க வருகிறவன்கூட, "ஒரு மூடி போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு, உலகத்திலேயே தனக்குத்தான் அது முதலில் தோன்றிய மாதிரி சிரிப்பான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவைக் குலுக்குவார்.

அப்படிப்பட்டவருக்கு ஓர் இளம் இயக்குநர் தன் முதல் படத்தில் வேடம் கொடுத்தார். மகன் வருவானா என்று வாசலையே பார்த்தபடி படுக்கையில் உயிரை விடும் அப்பா. இது மட்டும் எடுபட்டால் டானிக் சனியன் ஒழிந்தது என்று மனிதர் தலைகீழாக நின்றார். மீசையை மழித்தார். கதையில் இருந்த இருமலைச் சண்டை போட்டு நீக்க வைத்தார். கட்டிலருகே வைத்திருந்த மருந்து பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தார்.

வெளியிடுவதற்கு முன்னால், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார் இயக்குநர். டானிக்காரர் மனைவியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதுவரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தார்கள். இவருடைய முகம் திரை முழுக்க வந்தது. கண்ணில் நீர் கோத்து நின்றது. இருட்டில் எவனோ ஒருவன், மெதுவாகத்தான், "ஒரு மூடி போதும்" என்றான்.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. டானிக்காரர் திரையிலும் செத்தார், நாற்காலியிலும் செத்தார். அப்போதுதான் பக்கத்தில் விசும்பல் கேட்டது. மனைவி தேம்பிக்கொண்டிருந்தாள். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

படம் முடிந்ததும் இயக்குநர் வாசலில் இவரை ஓரங்கட்டினார்.

"உங்க நடிப்புல ஒரு குறையும் இல்ல சார். ஆனா உங்களப் பாத்ததும் ஜனங்க கதைய விட்டு வெளிய வந்துடறாங்க. வேற ஆள வெச்சு எடுக்கப் போறேன். மன்னிச்சிடுங்க."

"மொகத்த எங்க சார் கழட்டி வைக்கிறது? ஒரு நாள் நடிச்சதுக்கு ஆயுசு பூரா தண்டனையா?"

இயக்குநர் நகரப் பார்த்தார். டானிக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எல்லாரும் சிரிக்கல சார். தேம்பித் தேம்பி அழுத ஆள் இதோ நிக்கிறா. பொண்டாட்டிதான், ஆனா எனக்காகப் பொய் சொல்றவ இல்ல. நீங்களே கேளுங்க!"

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "அந்த அப்பா சாகறதப் பாத்து அழுதீங்களாக்கா?"

"எந்த அப்பா தம்பி? இவரு படுத்திருந்ததப் பாத்தேன். இவரு போயிட்டா நா என்ன பண்ணுவேன்னு தோணிடுச்சு. அப்பறம் படத்துல என்ன நடந்துச்சுன்னே தெரியல."

அவளைக் கட்டிக்கொள்வதா, கத்துவதா என்று டானிக்காரருக்கு விளங்கவில்லை. கத்தினார்.

"அந்த ஆளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூடவா வரல?"

"அந்த ஆள நா எங்கங்க பாத்தேன்?" என்றாள் அவள்.